மூன்று வாரமாகத் தூக்கமில்லை, இரவு ஒரு மணிக்கு 15 கிலோ ஆர்டருக்குத் தலையாட்டிவிட்டேன்

கொலுசுப்பட்டறை | சனி, இரவு 2:17

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நான், என் தம்பி, இன்னும் ஐந்து பேர். இப்போது சீசன். மூன்று வாரமாக இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இரவு ஒரு மணி இருக்கும். பற்றவைப்பு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வடக்கே இருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். 15 கிலோ கொலுசு, இன்றைய வெள்ளி விலைக்கே கணக்கு, இருபது நாளில் சரக்கு வேண்டும் என்றார். வழக்கமாக நான் “காலையில் சொல்கிறேன்” என்பேன். அன்றைக்கு ஏனோ பெரிய ஆர்டர் கை நழுவிவிடக் கூடாது என்று ஒரு வேகம். சரி என்றுவிட்டேன்.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி உள்ள கொலுசு 15 கிலோ என்றால் சுத்த வெள்ளி 12 கிலோ வேண்டும். கையில் 5 கிலோ இருந்தது. மிச்சம் 7 கிலோவை மறுநாள் காலையிலேயே வாங்கிப் போட்டிருக்க வேண்டும். புதன்கிழமை கிராமுக்கு ஒரு ரூபாய் ஏறியது. தம்பி “இப்பவே வாங்கிடலாம்ணா” என்றான். “இறங்கும்டா” என்றேன். வியாழக்கிழமை மறுபடி ஏறியது. அவன் மறுபடி சொன்னான். நானும் மறுபடி அதையே சொன்னேன். இன்று சனி. மொத்தம் நாலு ரூபாய் ஏறியிருக்கிறது. 7 கிலோவுக்கு 28,000 ரூபாய். இந்த ஆர்டரில் எனக்குக் கூலியாக நிற்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

பதினெட்டு வருடத் தொழிலில் இப்படிச் செய்ததில்லை. தூக்கம் கெட்டால் புத்தி இப்படித் திரும்புமா, இல்லை நான்தான் சாக்குத் தேடுகிறேனா? திங்கட்கிழமை வாங்கலாமா, இன்னும் பார்க்கலாமா என்றும் இப்போது உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


மூக்கனேரி | சனி, இரவு 2:24

அண்ணா, திங்கட்கிழமைக்கான முடிவை இரண்டே கால் மணிக்கு உட்கார்ந்து யோசிக்கிறீர்கள். இதுவே உங்கள் கேள்விக்குப் பாதி பதில். போய்ப் படுங்கள்.


கொலுசுப்பட்டறை | சனி, இரவு 2:26

பாலிஷ் போட்டது காய்ந்துகொண்டிருக்கிறது தம்பி. நீங்கள் ஏன் விழித்திருக்கிறீர்கள்?


மூக்கனேரி | சனி, இரவு 2:27

அமெரிக்காக்காரனுக்கு இப்போது மத்தியானம். எனக்குச் சம்பளம் அவன் தருகிறான்.


அம்மாப்பேட்டை தறி | ஞாயிறு, காலை 6:52

//தூக்கம் கெட்டால் புத்தி இப்படித் திரும்புமா//

கோபித்துக்கொள்ளாதீர்கள், இது சாக்குதான். வெள்ளி ஏறும் இறங்கும், அது அதன் குணம். எட்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கியவனும் போன வாரம் இதே நஷ்டத்தைப் பார்த்திருப்பான். எங்கள் அப்பா முப்பது வருடம் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டினார். நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கி நான் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார், ஒரு வீடு கட்டினார். ஒரு முடிவும் தப்பாகப் போகவில்லை. தூக்கம் தூக்கம் என்று பேசுவதெல்லாம் உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வந்த வியாதி.


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 9:40

தறிக்காரர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி ஏறுமா இறங்குமா என்பது தூங்கியவனுக்கும் தெரியாது. ஆனால் பட்டறைக்காரர் விலையைத் தப்பாகக் கணித்தது இங்கே பெரிய விஷயமே இல்லை. அவர் இரண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறார். இரண்டும் வேறு வேறு ரகம் என்பதால் தனித்தனியாகச் சொல்கிறேன். கல்லூரியில் உடலியல் நடத்துகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சறுக்கல், ஒரு மணிக்குச் சரி என்றது. வினோத் வெங்கட்ராமனும் சிங்கப்பூரில் மைக்கேல் சீயின் குழுவும் 2011-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பணம் வைத்து ஆடும் தேர்வுகள். ஒரே ஆளை நன்றாகத் தூங்கிய நிலையில் ஒரு முறை, ஓர் இரவு முழுக்க விழித்த நிலையில் ஒரு முறை ஆட விட்டார்கள். தூங்கியபோது நஷ்டத்தைக் குறைக்கப் பார்த்த அதே ஆட்கள், தூங்காதபோது பெரிய லாபத்தை இன்னும் பெரிதாக்கப் பார்த்தார்கள். மூளையில் லாபத்தை எடை போடும் பகுதி கூடுதலாகத் துடித்தது, நஷ்டம் உறைக்க வேண்டிய பகுதி மந்தமாகிவிட்டது. கவனம் குறைந்ததால் இப்படி ஆனது என்றும் தள்ளிவிட முடியவில்லை. கவனம் எவ்வளவு குறைந்தது என்பதற்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. “பெரிய ஆர்டர் கை நழுவிவிடக் கூடாது என்று ஒரு வேகம்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வேகம்தான் இது.

இரண்டாவது சறுக்கல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புதன், வியாழன் இரண்டு நாளும் தம்பி சொல்கிறார், இரண்டு நாளும் ஒரே பதில். 1999-ல் இங்கிலாந்தில் ஹாரிசன், ஹோர்ன் என்ற இருவர் செய்த சோதனை இதற்கு நேர் உதாரணம். ஆட்களை 36 மணி நேரம் விழிக்க வைத்து ஒரு வியாபார விளையாட்டை ஆடச் சொன்னார்கள். சந்தை நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தகுந்தபடி சரக்கையும் விளம்பரத்தையும் மாற்ற வேண்டும். கூடவே ஒரு கட்டுரையைப் படித்துத் தர்க்கமாகப் பதில் சொல்லும் பரீட்சையும் உண்டு. தூக்கமில்லாதவர்கள் பரீட்சையை நன்றாகவே எழுதினார்கள். வியாபாரத்தில்தான் விழுந்தார்கள். சந்தை மாறியது கண்ணெதிரே தெரிந்தும், ஆரம்பத்தில் பலித்த வழியையே பிடித்துத் தொங்கினார்கள்.

2015-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையே இன்னும் எளிய சோதனையாக்கிப் பார்த்தார்கள். எந்த எண் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பழக்கிவிட்டு, பாதியில் விதியைத் தலைகீழாக்கினார்கள். தூங்கியவர்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் புது விதிக்கு வந்துவிட்டார்கள். 62 மணி நேரம் தூங்காதவர்களுக்குத் தப்பு, தப்பு என்று திரும்பத் திரும்பத் தெரிவித்தும் உறைக்கவில்லை.

ஆக, தூக்கம் கெட்டவனுக்குக் கணக்குப் போடும் திறமை அப்படியே இருக்கலாம். உங்கள் பதிவில்கூட 80 டச் கணக்கு அச்சுப் பிசகாமல் வந்திருக்கிறது. போட்ட கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான் அவனால் முடிவதில்லை.


அம்மாப்பேட்டை தறி | ஞாயிறு, காலை 10:15

எல்லாம் முழு ராத்திரி விழித்தவர்கள் கதை சார். இவர் தினமும் நாலு மணி நேரம் தூங்குகிறாரே? உடம்பு பழகிவிடும்.


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 10:48

நியாயமான கேள்வி. அதையும் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் வான் டாங்கன் குழு, பென்சில்வேனியா. 48 பேர். சிலருக்குத் தினமும் 8 மணி நேரம், சிலருக்கு 6, சிலருக்கு 4 என்று இரண்டு வாரம் தூங்க விட்டார்கள், ஒரு சிலரை மூன்று நாள் தூங்கவே விடவில்லை. 4 மணி நேரக்காரர்களின் மூளை வேலை நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் இரண்டு இரவு அடியோடு தூங்காதவர்கள் அளவுக்கு வந்தது. 6 மணி நேரக்காரர்களும் தப்பவில்லை. கவனிக்க வேண்டியது இதுதான்: எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள் ஏறிய அந்த அளவு பிறகு பெரிதாக ஏறவில்லை. பழகிவிட்டது என்று அவர்களும் நினைத்தார்கள். பழகியது அந்த நினைப்பு மட்டும்தான்.

பிறவியிலேயே குறைவாகத் தூங்கி நன்றாக இருப்பவர்களும் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் அதற்கான மரபணு மாற்றத்தையே கண்டுபிடித்தார்கள். ஆனால் அது அபூர்வம். “எங்கள் அப்பா” என்று சொல்பவர்கள் எல்லாரும் அந்தக் குடும்பம் இல்லை.


இருபதாம் வளைவு | ஞாயிறு, மதியம் 1:05

படித்தவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருகிறேன். சேலம்–ஏற்காடு சுற்றுலா வேன் ஓட்டுகிறேன், பதினோரு வருடமாக. வாத்தியார் சொன்ன அந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்படியே நடந்திருக்கிறது.

டிசம்பர் கடைசி வாரம். காலை ஐந்து மணிக்கு எடுத்த வண்டியை இரவு பன்னிரண்டரைக்குத்தான் விட்டேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது முதலாளி போன். மூன்றரைக்கு ஜங்ஷனில் ஒரு குடும்பம் இறங்குகிறது, சூரிய உதயம் பார்க்க வேண்டுமாம். வேறு டிரைவர் இல்லை. போனேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் வண்டி இழுக்கும், கியர் மாற்றிக்கொண்டே இருக்கலாம், கைக்கு வேலை இருக்கும்.

இறங்கும்போதுதான். நம் மலையில் வளைவுகளைக் கீழிருந்து எண்ணுவதால் இறங்கும்போது பலகையில் எண் குறைந்துகொண்டே வரும். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. பதினாலு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தடுப்புச் சுவர் மேல் ஒரு குரங்கு குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுத்தது எனக்கு ஞாபகம் இருப்பது பதினொன்று. நடுவில் இருந்த இரண்டு வளைவையும் நான்தான் திருப்பியிருக்கிறேன். ஆனால் நான் அங்கே இல்லை.

இதைவிட மோசம் அப்புறம் நான் செய்தது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டியிருக்க வேண்டும். “இன்னும் பத்து வளைவுதானே” என்று மனசு சொன்னது. பிரேக் லைனர் கருகும் வாசனை வண்டிக்குள் வந்தது. இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றில் வந்துகொண்டிருக்கிறேன், வாசனை மூக்கில் ஏறுகிறது, ஆனாலும் கியரைக் குறைக்கத் தோன்றவில்லை. முன்னால் சில்வர் ஓக் தடி ஏற்றிய லாரி ஒன்று. எட்டாம் வளைவுக்கு முன்னாலேயே அதை முந்திவிடலாம் என்று ஸ்டியரிங்கை ஒடிக்கப் போனேன். பின்சீட்டில் இருந்த பாட்டி, “தம்பி நிறுத்துப்பா, வாந்தி வருது” என்றார். நிறுத்தினேன்.

பாட்டிக்கு வாந்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. இறங்கி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “உன் கண்ணு ரெண்டும் சொருகிட்டிருந்துச்சு சாமி. கண்ணாடியில பார்த்துட்டேன். சத்தமா சொன்னா எம்மவன் சண்டைக்கு வந்துருவான்.”

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். மலைச்சாலையில் 25-ல் வந்தாலும் நொடிக்கு ஏழு மீட்டர். மூன்று நொடி கண் மூடினால் இருபது மீட்டர். அந்த வளைவுக்கு அது தாராளம்.


இரவுப்பணி | ஞாயிறு, மதியம் 2:30

படிக்கும்போதே கை சில்லிட்டுவிட்டது தம்பி. அந்தப் பாட்டி நன்றாக இருக்கட்டும்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பு அடிமட்டத்தில் இருக்கும். பகலில் எவ்வளவு தூங்கிவிட்டு வந்தாலும் சரி. ஒரு தடவை டிரிப் பம்பில் மணிக்கு 2.5 என்று வைக்க வேண்டியதை 25 என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் “புள்ளி எங்கக்கா?” என்று கேட்டாள். நான் திரையைப் பார்த்தேன். என் கண்ணுக்குப் புள்ளி இருந்தது! இரண்டாவது முறை அவள் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று மணிக்கு மேல் எந்தக் கணக்கையும் நான் தனியாகப் போடுவதில்லை. இன்னொருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன்.

பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பயிற்சி டாக்டர்களை வைத்து 2004-ல் வந்த ஆய்வு ஒன்றை எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் ட்யூட்டி இருந்த பழைய முறையில், அதைக் குறைத்த முறையைவிடக் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம்.


மூக்கனேரி | ஞாயிறு, மதியம் 3:10

இப்போதுதான் எழுந்தேன். இருபதாம் வளைவு அண்ணா, குடித்துவிட்டு ஓட்டினால் பிடிக்கிறார்கள். இதற்கு ஒன்றும் கிடையாதா?


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:20

அந்த ஒப்பீட்டையே 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு வந்துவிடுகின்றன. 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 0.10. நம் நாட்டுச் சட்டத்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. தம்பி அன்று இறங்கும்போது விழித்து இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அடிவாரத்தில் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தாலும் மிஷின் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது; 2025-ல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கலந்துவிட்டது.


இருபதாம் வளைவு | ஞாயிறு, மாலை 4:31

அந்தச் சட்டம் மலையேறி வரவில்லை சார்.


காப்பிப்பழம் | ஞாயிறு, மாலை 5:15

ஏற்காட்டில் சின்ன எஸ்டேட் எங்களுக்கு. பழம் பறிக்கும் காலத்தில் அன்றன்று பறித்ததை அன்றிரவே தோல் நீக்க வேண்டும், வைத்தால் புளித்துவிடும். எனக்கும் சிவராத்திரிதான். ஆனால் எங்களுக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு டம்ளர் கெட்டி டிகாக்‌ஷன் உள்ளே போனால் மூளை பளிச்சென்று ஆகிவிடும். யாரும் காப்பியைப் பற்றிப் பேசவே இல்லையே?


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, மாலை 6:02

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் தூக்கத்தைக் கூட்டுவது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடினோசின் எங்கும் போய்விடாது, வாசலில் காத்திருக்கும். கடனை அடைத்ததாகாது, கடன்காரனைத் திண்ணையில் உட்கார வைத்த மாதிரி.

கண் விழிப்புக்குக் காப்பி நிச்சயம் உதவும். முடிவெடுக்கும் விஷயத்தில் அப்படி இல்லை. கில்கோர் குழுவினர் இரண்டு நாள் விழித்தவர்களைச் சீட்டுக்கட்டுச் சூதாட்டம் போன்ற ஒரு சோதனையில் ஆட விட்டார்கள். நஷ்டம் தரும் சீட்டுக்கட்டிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். காஃபின் கொடுத்தும் அது சரியாகவில்லை. அதாவது காப்பி குடித்தவன் தன் தப்பான முடிவைச் சுறுசுறுப்பாக எடுப்பான்.


காப்பிப்பழம் | ஞாயிறு, மாலை 6:10

சிக்கரி கலந்தால்?


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, மாலை 6:14

சிக்கரியில் காஃபினே கிடையாது. எஸ்டேட்காரர் கேட்கிற கேள்வியா இது!


மூக்கனேரி | ஞாயிறு, மாலை 6:40

பெரிய விபத்து பலதும் நள்ளிரவில்தான் நடந்திருக்கிறது. செர்னோபில் இரவு ஒன்றரைக்கு, போபாலும் நள்ளிரவு தாண்டி. எல்லாம் தூக்கத்தால்தானோ?


உடலியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 7:30

போபாலைத் தூக்கத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அங்கே வாயுத் தொட்டியின் குளிர்பதனத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள், கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் வேலை செய்யும் நிலையில் இல்லை. அதெல்லாம் பட்டப்பகலில் எடுத்த முடிவுகள்.

தூக்கத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் மங்களூர். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம். 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானத்தின் குரல் பதிவில் கேப்டனின் குறட்டைச் சத்தம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கிவிட்டு, இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எழுந்திருக்கிறார். விமானம் மிக உயரத்தில் வந்துகொண்டிருந்தது, துணை விமானி “மறுபடி மேலே ஏறிவிடலாம்” என்று ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார். கேப்டன் பிடித்த பிடியை விடாமல் இறக்கினார். தூங்கி எழுந்தவுடன் வரும் மந்தமும் அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது.

இதை இருபதாம் வளைவுத் தம்பிக்காகவும் சொல்கிறேன். மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது மிக நல்லது. நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த சோதனையில் சராசரியாக 26 நிமிடத் தூக்கமே நல்ல பலன் கொடுத்தது. ஆனால் எழுந்த கையோடு சாவியைத் திருகாதீர்கள். முகம் கழுவி, ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் கழித்து இறங்குங்கள்.


ஃபேர்லேண்ட்ஸ் அம்மா | திங்கள், காலை 11:20

எல்லாரும் “தூங்கிவிட்டுக் காலையில் முடிவெடு” என்கிறீர்கள். எனக்கு ஐந்து மாதக் குழந்தை. எனக்குக் காலை என்று ஒன்று எப்போது வரும் என்று யாராவது சொல்லுங்கள்.

போன மாதம் விடியற்காலை 3:40-க்கு, ஒரு கையில் குழந்தையைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையில் வேலையை விடுகிறேன் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். அவர் முந்தைய நாள் “எப்போது திரும்பி வருகிறீர்கள்?” என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது என்னைத் துரத்துவதாகப் பட்டது. பத்து மணிக்குத் திரும்பப் படித்தபோது, அவர் எழுதியதில் ஒரு சுடுசொல்கூட இல்லை. நல்ல மனிதர், “தவறுதலாக வந்த செய்தி என்று எடுத்துக்கொள்கிறேன்” என்று பதில் போட்டார்.


இரவுப்பணி | திங்கள், மதியம் 12:05

அந்தக் கேள்விக்கு இங்கே யாரிடமும் பதில் கிடையாது கண்ணு. நானும் இரண்டு பிள்ளை வளர்த்தவள். நான் செய்தது ஒன்றுதான்: ராத்திரி யார் மேல் கோபம் வந்தாலும், மாமியார் உட்பட, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதி வைத்துவிடுவேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பாதிக்கு என்ன எழுதினேன் என்றே புரியாது. மீதிப் பாதி உண்மையான பிரச்சினை. அதைப் பகலில் பேசினேன். குழந்தையை ஒரு இரவு உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டால் என்ன? கேட்டுப் பாருங்கள்.


உடலியல் வாத்தியார் | திங்கள், மதியம் 1:15

அம்மா கேட்டது சரி. “தூங்கு” என்பது தூங்க முடிகிறவனுக்கு மட்டும்தான் அறிவுரை.

உங்களுக்கு நடந்ததற்கு மட்டும் ஒரு வார்த்தை. 2007-ல் வந்த ஓர் ஆய்வு. தூங்காதவர்களிடம் மனதைக் கலக்கும் படங்களைக் காட்டியபோது, பயத்துக்கும் கோபத்துக்கும் மணியடிக்கும் அமிக்டலா 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. அதை அடக்கி வைக்கும் முன்மூளையோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. நீங்கள் கோபக்காரியாகிவிடவில்லை.


அம்மாப்பேட்டை தறி | திங்கள், மாலை 5:45

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அப்பா நாலு மணி நேரம்தானே தூங்குவார் என்று. அம்மா சிரித்தார். “தறிக்குழியில கால விட்டபடியே மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்குவாரே, அது யாரு கணக்கு?” என்றார். நான் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பேன்.

இன்னொன்றும் சொன்னார். வீடு கட்ட இடம் பார்த்தபோது, பத்திரம் எழுத இரண்டு முறை நாள் தள்ளிப் போட்டாராம். ராத்திரி ஷிப்ட் வாரம் முடியட்டும் என்று.

தறியில் நானே பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன். பாவில் ஓர் இழை அறுந்தால் பகலில் உடனே நிறுத்தி முடிச்சுப் போடுவோம். ராத்திரி மூன்று மணிக்கு அறுந்தது கண்ணுக்குத் தெரியும், கை போகாது. அரை மீட்டர் ஓடிய பிறகுதான் நிறுத்துவோம். குத்தத்துக்குக் கூலியில் பிடிப்பார்கள். அதற்காக முழுக்க மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெள்ளி ஏறியதற்குத் தூக்கம் காரணமில்லை என்பதில் நான் அப்படியேதான் இருக்கிறேன்.


கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 8:10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் இரவு எட்டுக்கு எழுந்து, இரண்டு இட்லி தின்றுவிட்டு மறுபடி படுத்து, திங்கட்கிழமை ஆறரைக்குத்தான் எழுந்தேன். என் வீட்டில் இரண்டு முறை மூக்கருகே கை வைத்துப் பார்த்தார்களாம்.

திங்கள் காலை ஒரு ரூபாய் இறங்கியிருந்தது. “நான்தான் சொன்னேனே, இறங்கும் என்று” என்ற நினைப்பு மறுபடி வந்தது. ஆனால் இந்தத் தடவை கூடவே இன்னொன்றும் தோன்றியது. நான் விலை பார்த்து வெள்ளி வாங்கி விற்கிறவன் இல்லை, கூலிக்குக் கொலுசு செய்கிறவன். ஆர்டர் எடுத்த அன்றே வெள்ளியும் எடுத்தால் விலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு ஒன்றுதான். இதைப் பதினெட்டு வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆறு நாளாக அது என் நினைவுக்கே வரவில்லை. பதினொரு மணிக்கு 7 கிலோவையும் வாங்கிவிட்டேன். 21,000 ரூபாய் நஷ்டம்.

இன்று இன்னும் இரண்டு ரூபாய் இறங்கிவிட்டது.


அம்மாப்பேட்டை தறி | செவ்வாய், இரவு 8:22

அடடா. ஒரு நாள் பொறுத்திருந்தால் 14,000 மிச்சம். நான் ஒன்றும் சொல்லவில்லை.


கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 8:40

தம்பியும் அதையேதான் சொன்னான். நான் வாங்கியது சரிதான் அண்ணா. இன்று ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் திங்கட்கிழமை நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு மேல் என் போன் இப்போது வீட்டுக்காரியிடம். நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு அதே வியாபாரி கூப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது. “காலைல பேசுங்க” என்று மூன்று முறை சொல்லி வைத்துவிட்டாளாம். இன்று பத்தரைக்குக் கூப்பிட்டார். எட்டு கிலோ, அன்றைய விலை. வெள்ளி எடுத்த பிறகுதான் உறுதி சொன்னேன்.


இருபதாம் வளைவு | செவ்வாய், இரவு 9:15

வருகிற சனிக்கிழமைக்கு மறுபடி மூன்றரை மணி ஜங்ஷன் சவாரி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுக்குள் வண்டியை விட்டால்தான் வருவேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அண்ணா, என் பாப்பாவுக்கு அடுத்த மாதம் ஒரு வயது. தண்டை செய்து தருவீர்களா?


கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 9:18

செய்து தருகிறேன் தம்பி. கணுக்காலைச் சுற்றி ஒரு நூலில் அளவெடுத்துப் படம் அனுப்புங்கள்.


இருபதாம் வளைவு | செவ்வாய், இரவு 9:20

தூங்கிவிட்டாள் அண்ணா. காலையில் எடுத்து அனுப்புகிறேன்.